குருத்து வைத்த கண்

இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு முதலில் வலது கண்ணால் பார்க்கிறார். பிறகுதான் கையை மாற்றுகிறார். இந்த வரிசை ஒருநாளும் பிசகுவதில்லை. கல்முனைப் பக்கமிருந்து காலையில் வருகிற பஸ், களுவாஞ்சிக்குடிச் சந்தையை நோக்கித் தலைகாட்டும்போது, அன்னமக்கா வெற்றிலையை மூடியிருக்கும் ஈரச் சாக்கை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நிற்பார். வலது கண்ணால் பெயர்ப் பலகையைப் பார்த்ததும், "மட்டக்களப்பு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். கை மாறும். இடது கண்ணுக்கு பஸ் இன்னும் கொஞ்சம் கிட்ட வரவேண்டும். பக்கத்துக் கருவாட்டுக் கடையளவுக்கு வந்த பிறகு, "மட்... டக்... ஓம், அதுதான்" என்று முடிப்பார்.

"வலக் கண் சொல்லிக் குடுக்கிறத இடக் கண் ஒப்புவிக்குது. இது சோதனையில களவெடுக்கிற வேலை அன்னம்," என்பார் கருவாட்டுக் கடைப் பாறூக் நானா.

"நீங்க ரெண்டு கண்ணாலயும் பாத்துத்தானே நேத்து அந்தப் பழுதான கீரிமீன் கருவாட்ட எடுத்தீங்க," என்பார் அன்னமக்கா, கண்ணிலிருந்து கையை எடுக்காமலே.

இருந்தாலும் அந்தக் குற்றச்சாட்டு அவரை உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த கிழமையிலிருந்து இடது கண்ணுக்கு மட்டும் வேறு பாடம் வைத்தார். பஸ்ஸின் இலக்கத் தகடு. அதை வலது கண்ணுக்குக் காட்டவே மாட்டார்.

அடையாள அட்டையில் இருக்கும் பெயர் அன்னப்பூரணி. ஐம்பத்து நான்கு வயது. சேலைக்கு மேலே முழங்கைவரை சுருட்டிவிட்ட ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, சந்தை வாசலின் தகரப் பந்தலுக்குள் வெற்றிலை, பாக்கு, பொயிலை, சுண்ணாம்பு விற்கிறார். வலது பெருவிரலில் சுண்ணாம்பு ஏறி, நகத்தைச் சுற்றி வெள்ளையாகவே நின்றுவிட்டது. வெற்றிலையை எண்ணும்போது யாராவது கதை கொடுத்தால் பதில் சொல்வார், எண்ணும் பிசகாது. கோயிலுக்கு என்று கேட்டால் நுனி உடையாத இலை. செத்த வீட்டுக்கு என்று கேட்டால் இலையைத் தருவதற்கு முன் ஒரு கணம் கையைத் தட்டில் வைத்திருப்பார். தான் வெற்றிலை போடுவதில்லை. "நான் விக்கிறவ. எல்லாரும் மென்றா ஆரு மடிக்கிற?"

அவருடைய பந்தலுக்கு நேர் எதிரே இருக்கும் போட்டோகொப்பிக் கடையில் நான் வேலை செய்கிறேன். நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. அதனாலோ என்னவோ, அவர் என்னிடம் நிறையக் கதைப்பார். ஒருமுறை என் மேசையில் கிடந்த கவிதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னகா, வரிக்கு வரி இவ்வளவு வெறும் இடம் விட்டிரிக்கி. இந்தக் கடுதாசியில நான் ஒரு சந்தைக்குப் பாக்கு மடிச்சிரிப்பன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடது கண் போனது, ஊர் முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில். ஆடி மாதம், கச்சான் காற்று தகரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் சுண்ணாம்பைச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் அடைத்து விற்பார். பையின் வாயை முறுக்கி, நூலைச் சுற்றி, நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்குவார். நாளுக்கு நூறு தரம் செய்கிற வேலை. அன்று ஒரு பை கொஞ்சம் கூடுதலாக நிரம்பியிருந்தது. இழுத்த இழுப்பில் அது வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் கண்ணுக்குள் போனது.

பாறூக் நானா குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அன்னமக்கா ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் குடத்தைத் தட்டிவிட்டார். "தண்ணி ஊத்தாதீங்க. அவிஞ்சிரும்."

பன்னிரண்டு வயதிலிருந்து சுண்ணாம்பு நீற்றியவர் அவர். சுட்ட சிப்பியைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால் அது சீறும். பானை நடுங்கும், ஆவி முகத்தில் அடிக்கும், எட்டி நிற்காதவரின் கை வெந்துபோகும். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்கையில் அதன் தழும்பு இருக்கிறது. சுண்ணாம்பு கூடி வாய் வெந்தவர்கள் தேங்காயை மெல்லுவதையும் பார்த்திருக்கிறார். ஆகவே தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கேட்டு வாங்கி, கண்ணுக்குள் ஊற்றி, இமையை இறுக்கி மூடிக்கொண்டார்.

அந்தப் பையில் இருந்தது மூன்று நாளைக்கு முன்பு அவரே நீற்றி ஆறவைத்த சுண்ணாம்பு. குடிக்க வேண்டிய தண்ணீரை எல்லாம் அது ஏற்கெனவே குடித்திருந்தது. இனிக் கொதிக்காது. ஆனால் கழுவாமல் விட்டால் சத்தமில்லாமல் தின்றுகொண்டே போகும். அந்த நேரத்தில் கண்ணுக்கு வேண்டியிருந்தது தண்ணீர் மட்டும்தான். நிறையத் தண்ணீர்.

பாறூக் நானா அவரைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. அங்கே நெடுநேரம் கழுவினார்கள். இமைக்கு அடியிலிருந்து துணுக்குத் துணுக்காகச் சுண்ணாம்பை எடுத்தார்கள். "சுண்ணாம்பெண்டா என்னெண்டே தெரியாத பொம்பிளையா நான் இருந்திருந்தா, கண் தப்பியிரிக்கும்," என்று அவர் பிறகு சொல்வார். பாறூக் நானா அந்தக் கதை வந்தால் எழுந்து போய்விடுவார். குடம் அவர் கையில்தானே இருந்தது.

மாதங்கள் போகப் போக, கருவிழியின் மேல் வெள்ளைத் தோல் ஒன்று படர்ந்தது. அதில் சிவப்பு நூல்கள் ஓடின. மட்டக்களப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வந்துபோகும் கண் டொக்டர், ஒரு சிங்களப் பெண்மணி, கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் வட்டம் ஒன்றை வரைந்து காட்டினார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னவள் பஸ்னா, ஏறாவூரைச் சேர்ந்த தாதி. கண்ணின் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு வரம்பு இருக்கிறது. கருவிழியின் மேல்தோல் நாளாந்தம் தேய்கிறது. தேயத் தேய அந்த வரம்பிலிருந்துதான் புதுத் தோல் முளைத்து வந்து மூடுகிறது. முளைக்க வைக்கும் அந்தக் கலங்களுக்கு ஸ்டெம் செல் என்று பெயர். பத்திரிகைகளில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். சுண்ணாம்பு அந்த வரம்பைச் சுற்றிவரச் சுட்டுவிட்டது. அதனால்தான் வெள்ளைப் பக்கத்துத் தோல் உள்ளே ஏறிவிட்டது.

"வயல் வரம்பு உடைஞ்சா பக்கத்து வட்டைப் புல்லு உள்ள வரும்தானே," என்றார் அன்னமக்கா. பஸ்னா அதை டொக்டருக்குச் சொன்னதும், டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாராம்.

வைத்தியம் என்னவென்று கேட்டதும்தான் குழப்பம் வந்தது. நல்ல கண்ணின் வரம்பிலிருந்து, ஒரு குறுணல் அரிசி அளவுக்கு, ஒரு துண்டு எடுக்க வேண்டும். அதைப் பத்துப் பன்னிரண்டு துணுக்காக நறுக்கி, துப்புரவாக்கிய கெட்ட கண்ணில் வட்டமாக வைத்து ஒட்ட வேண்டும். துணுக்குகள் வேர்பிடித்து, ஒன்றையொன்று நோக்கிப் பரவி, கருவிழிக்குப் புதுத் தோல் வளர்க்கும். பெரும்பாலும் பிடிக்கும். சிலவேளை பிடிக்காமலும் போகலாம்.

"இருக்கிற ஒண்டிலயும் கத்தி வைக்கிறதா," என்று அன்னமக்கா கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஒற்றைக் கண்ணோடு வியாபாரம் செய்தார். எதிலும் தூரம் பிடிபடவில்லை. சுண்ணாம்பை இலைக்கு வெளியே தடவுவார். பாக்குவெட்டி இடது சுட்டுவிரலின் நுனியைக் கொஞ்சம் கொண்டுபோனது. இடது பக்கமாக யாராவது வந்து நின்றால் திடுக்கிடுவார். "இந்தப் பக்கம் ரோட்டு இல்ல, அங்கால சுத்தி வாங்க," என்று வெருட்டுவார். வெயிலில் அந்தக் கண் நீராய்க் கொட்டும். அதை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி. வலது கண்ணை அவர் பாதுகாத்த விதத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மனமும் கனக்கும். மிளகாய்க் கடைப் பக்கம் போகமாட்டார். காற்று வீசும் நாட்களில் முந்தானையால் அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டு கடையில் இருப்பார்.

அவ்வளவு காத்தும், ஊரில் கண்ணோய் பரவியபோது அது நேராக அந்தக் கண்ணுக்கு வந்தது. ஒன்பது நாள் இமை ஒட்டிக் கிடந்தது. வந்தாறுமூலைக் கம்பஸ் கந்தோரில் எழுத்து வேலை செய்யும் மகள் சுலக்ஷனா, லீவு போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பத்தாம் நாள் கண் திறந்ததும் அன்னமக்கா நேராக என் கடைக்கு வந்து, அலுமாரியில் இரண்டு வருடம் கிடந்து மஞ்சளாகிப்போன அந்தக் கிளினிக் அட்டையை மேசையில் வைத்தார். "இத ரெண்டு கொப்பி எடு தம்பி. மட்டக்களப்புக்குப் போகப்போறன்."

நான் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன பாக்கிற. ஒண்டக் காப்பாத்த வேணுமெண்டு பொத்திப் பொத்தி வெச்சன். ஒரு கண்ணோயத் தாங்க ஏலாமப் போச்சி. அதுவும் போனா மறுகா எனக்கு ஆரு இரிக்கா? ரெண்டு இருந்தாத்தான் ஒண்டையாவது நம்பலாம்."

ஒப்புதல் பத்திரத்தை எனக்குத்தான் வாசிக்கத் தந்தார். மகள் வாசித்தால் அழுதுவிடுவாள் என்று சொன்னார். நான் வாசித்துக்கொண்டே போய், நல்ல கண்ணுக்கு வரக்கூடிய பாதிப்புகள் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை, குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

"அத உரத்து வாசி," என்றார். "மத்ததெல்லாம் நீ மெதுவாவே வாசிக்கலாம்."

உரத்து வாசித்தேன். இரண்டு தரம். மூன்றாம் தரம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பேனையைக் கேட்டார்.

தை மாதத்தில் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த டொக்டரே செய்தார். போகும்போது அன்னமக்கா தன் தட்டிலிருந்து நுனி உடையாத நாற்பது இலைகளைத் தெரிந்தெடுத்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். மகள் சொல்லித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும். படுக்கையில் கிடத்துவதற்கு முதல், அந்தக் கட்டை இரண்டு கையாலும் நீட்டினாராம். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, அதை இரண்டு கையாலும் வாங்கி, தலையைத் தாழ்த்தினாராம். "வெத்தில வாங்கத் தெரிஞ்ச கை, பிழை விடாது," என்று அன்னமக்கா மகளிடம் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்தபோது இரண்டு கண்ணிலும் பிளாஸ்டிக் மூடி. வலது பக்கத்து மூடி சில நாளில் போய்விட்டது. இடது கண்ணுக்கு ஆறு கிழமைக்குச் சுண்ணாம்பு தொட்ட கை கிட்டவும் வரக்கூடாது என்று கட்டளை. வியாபாரத்தையும் விட முடியாது. ஆகவே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் பொறுப்பைப் பாறூக் நானா ஏற்றுக்கொண்டார். கருவாட்டைத் தூக்கிக் கொடுத்த கையோடு வந்து தடவுவார். அந்தத் தையும் மாசியும் களுவாஞ்சிக்குடி, வெற்றிலை முழுவதையும் கருவாட்டு மணத்தோடுதான் மென்றது. யாராவது முகத்தைச் சுளித்தால், "கறியும் சேத்துத் தாறம், எங்க கிடைக்கும்," என்பார் அன்னமக்கா.

மருந்து நாளுக்கு ஐந்து தரம் விடவேண்டும். பாறூக் நானாவின் போனில் ஐந்து நேரமும் பாங்கு சொல்லும். கடையில் இருக்கும் நேரங்களில் அதுதான் கணக்கு. போன் சொல்லத் தொடங்கியதும் நானா தொப்பியை எடுப்பார், அன்னமக்கா மருந்துப் போத்தலை எடுப்பார். "நான் தொழுதிட்டு வாறன், நீ ஊத்து," என்பார் அவர். "எனக்காகவும் ஒரு வாய் கேளுங்க," என்பார் இவர். வெறுமையான மருந்துப் போத்தல்கள் பெட்டி நிறையச் சேர்ந்தபோது, இவற்றில் சுண்ணாம்பை அடைத்து விற்றால் என்ன என்று நானா யோசனை சொன்னார். அன்னமக்கா அவரை வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கு ஒருத்தன் மருந்தெண்டு நினைச்சிக் கண்ணில விட்டா?" அன்று மாலையே அத்தனை போத்தலையும் குப்பையில் போட்டார். பொலித்தீன் பைச் சுண்ணாம்பு அவரிடம் இப்போது இல்லை. இலையில் தடவித்தான் தருகிறார். வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் மூடியுள்ள டப்பா கொண்டுவர வேண்டும். டப்பாவைக் கொடுக்கும்போது ஒரு வாசகம் கூடவே வரும். "கண்ணில பட்டா தண்ணி. எண்ணெய் இல்ல, தண்ணி. நிப்பாட்டாம ஊத்தணும்."

அந்த நாட்களில் அவருக்கு வாசிக்க முடியாது. பொயிலை சுற்றுவதற்கு வாங்கும் பழைய பத்திரிகைகளில் கண், கலம், குருத்தணு என்று எதுவும் இருந்தால் நான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒருநாள் பெரிய கட்டுரை ஒன்று அகப்பட்டது. மனிதக் குருத்தணுக்களிலிருந்து, கண்ணாடித் தட்டுக்குள், பருப்பளவில் சிறுநீரகம்போல ஒன்றை வளர்க்கிறார்கள். ஈரல் துணுக்கு வளர்க்கிறார்கள். இதயத் தசையை வளர்த்தபோது அது தட்டுக்குள்ளேயே துடித்ததாம்.

"தானாத் துடிக்குதா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

கையிலிருந்த பொயிலையைத் தட்டில் வைத்தார். பிறகு, "ஆருக்காகத் துடிக்குது, பாவம்," என்றார்.

பதிலுக்கு நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். பக்கத்திலிருந்து பாறூக் நானா, "நாக்கு வளக்கிறாங்களா எண்டு பாருங்க தம்பி. உங்களுக்கு ஒண்டு சொல்லி வைப்பம்," என்றார்.

அந்தச் சத்திரசிகிச்சையில் இன்னொரு சங்கதியும் இருந்தது. குருத்துத் துணுக்குகளை வைப்பதற்கு முதல், பாய் விரிப்பதுபோல ஒரு மெல்லிய சவ்வைக் கண்மேல் விரிக்கிறார்கள். பிள்ளை பெற்ற ஒரு தாய் சம்மதித்துக் கொடுத்த சவ்வு அது. நஞ்சுக்கொடியோடு வெளியே வருவது, வயிற்றுக்குள் பிள்ளையைச் சுற்றியிருந்தது. கொஞ்ச நாளில் தானாகக் கரைந்துவிடும். யார் அந்தத் தாய், என்ன பிள்ளை என்று பஸ்னாவிடம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார். அது சொல்லக்கூடாது, தனக்கும் தெரியாது என்றாள் பஸ்னா. அன்றிலிருந்து சந்தைக்கு வரும் கைக்குழந்தைகளை அவர் விடுவதில்லை. "எந்த மாசம் பொறந்த புள்ள?" என்று கேட்பார். சித்திரை, வைகாசி என்றால் கன்னத்தைத் தட்டி அனுப்பிவிடுவார். மார்கழி, தை என்றால் பந்தலுக்குள் கூப்பிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த முகத்தை இடது கண்ணால் உற்றுப் பார்ப்பார்.

"அது உனக்கு மகனா, தம்பியா?" என்று நானா கேட்டார்.

"ஒரே கொடிக்குள்ள இருந்தம். தம்பிதான்."

"அப்ப சீதனத்துக்கு ஆயத்தப்படுத்து."

"தங்கச்சியாப் பொறந்திருந்தாப் பாப்பம்."

பார்வை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வெளிச்சம் குத்துவது நின்றது. பிறகு நிறம் வந்தது. ஒருநாள் வலது கண்ணை மூடிக்கொண்டு தட்டைப் பார்த்தவர், இலைகளில் எது முற்றல் எது கொழுந்து என்று பிரித்து வைத்தார். பிரித்த பிறகு இரண்டு கண்ணாலும் சரிபார்த்தார். ஒன்றுதான் பிழை. ஆவணிக்குப் பிறகுதான் எழுத்துகள். ஆனாலும் டொக்டர் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லியிருந்தார். வேரோடியது நிலைக்குமா, வெட்டிய இடத்தில் வலது கண்ணுக்கு ஏதும் கோளாறு வருமா, இரண்டையும் ஒரு வருடம் முடிந்துதான் சொல்லலாம். காலையில் பஸ் வரும்போது அவர் ஏன் வலது கண்ணை முதலில் சோதிக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரெல்லாம் புதுக் கண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பயந்துகொண்டிருந்தது பழைய கண்ணுக்காக.

இந்தத் தை மாதம் அந்த வருடம் முடிந்தது. கடிதங்கள், அட்டைகள் எல்லாவற்றையும் கோவையில் அடுக்கிக் கொடுத்தவன் என்பதால் என்னையும் வரச் சொன்னார். பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவி முழுவதும் வெயில் பரவிக் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த கோவையைப் பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். சுலக்ஷனா வந்தாறுமூலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

டொக்டர் இடது கண்ணைப் பார்க்க விளக்கைத் திருப்பினார். அன்னமக்கா நாடியைக் கண் பார்க்கும் கருவியின் தாங்கியில் வைக்காமல் பின்னுக்கு எடுத்து, பஸ்னாவைப் பார்த்தார். "மகள், மத்தக் கண்ண முதல்ல பாக்கச் சொல்லு."

பஸ்னா சொன்னாள். டொக்டர் சிரித்துவிட்டு விளக்கை மாற்றினார். வெகுநேரம் பார்த்தார். மேலிமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இடது கண். பிறகு சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். இடது கண் கீழேயிருந்து மூன்றாவது வரிவரை போனது. டொக்டர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"ரெண்டும் நல்லா இரிக்காம்மா," என்றாள் பஸ்னா. "இடக் கண்ணில குருத்துப் பிடிச்சி நிலைச்சிட்டு. வலக் கண்ணில ஒரு பிழையும் இல்ல. வெட்டின இடத்தத் தனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டி இருந்திச்சாம். இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும்."

"இன்னொருக்காச் சொல்லு."

பஸ்னா இன்னொருமுறை சொன்னாள்.

"அந்த வலக் கண் துண்ட மட்டும் சொல்லு."

பஸ்னா சிரித்துக்கொண்டு அதை மட்டும் சொன்னாள். அன்னமக்கா முக்காலியிலிருந்து எழும்பவில்லை. கால்களை நீட்டி, செருப்பைக் கழற்றி, வெறுங்காலைச் சீமெந்துத் தரையில் வைத்துக்கொண்டார். "நல்ல குளிர்," என்றார், தரையைப் பற்றி.

வெளியே நடைக்கூடத்தில் வாங்குகள் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் நாற்பது வயதளவில் ஒருவர் இருந்தார். இடது கண்ணில் பஞ்சு கட்டியிருந்தது. அவருடைய மனைவி மடியில் ஒரு பத்திரத்தை வைத்திருந்தார். பேனையும் கையில் இருந்தது. அந்தப் பத்திரத்தை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

"யோசேப் அண்ணன், டொக்டர் நோனா பின்னேரம் போயிருவாங்க. ஒரு முடிவு சொல்லுங்க," என்று பஸ்னா கதவிடுக்கால் கேட்டாள்.

"வேணாம் மிஸ். நான் மேசன். தன்னாமுனையில மூண்டு புள்ளயளோட இரிக்கன். சீமெந்து திண்டது திண்டு போகட்டும். நல்ல கண்ண வெட்ட நான் விடன்."

"இவர் ராவும் பகலும் இதத்தான் சொல்லுறார்," என்றார் மனைவி. அவருடைய பெயர் இமெல்டா என்று பத்திரத்தில் சாட்சி என்ற இடத்தில் எழுதியிருந்தது. "ஒருக்கா யோசிங்களன் எண்டாலும் கேக்கிறார் இல்ல."

"உனக்கென்ன, ரெண்டு கண் இரிக்கி."

சுலக்ஷனா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, பஸ்ஸப் பிடிப்பம்," என்றாள். அன்னமக்கா வாசல்வரை போய் நின்றார். கிறுகித் திரும்பி யோசேப்பைப் பார்த்தார். பிறகு நடைக்கூடத்தின் மூலையிலிருந்த குழாயடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் முழங்கைவரை கழுவினார். வெள்ளை ஏறிய பெருவிரலை மட்டும் இன்னொருமுறை கழுவினார். கையை உதறிக்கொண்டு யோசேப்பின் முன்னால் வந்து நின்றார்.

"எழும்புங்க தம்பி. வெளிச்சத்துக்கு வாங்க."

யோசேப் விளங்காமல் எழுந்தார். இமெல்டாவும் எழுந்தார். அன்னமக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மகளிடம் நீட்டினார்.

"எனக்கும் இந்த வேலைதான் செய்தவங்க. இதுதான் வெட்டின கண்," என்று வலது கண்ணைக் காட்டினார். "எந்த இடத்தில வெட்டினதெண்டு காட்டுங்க."

இடது கையின் இரண்டு விரலால் மேலிமையைத் தூக்கிப் பிடித்து, கண்ணைக் கீழே உருட்டினார். யோசேப் தயங்கினார். பிறகு கிட்ட வந்தார். தலையை ஒரு பக்கமாகச் சரித்து, இருந்த ஒற்றைக் கண்ணால், கருப்பும் வெள்ளையும் சேரும் அந்த வளைவின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை பார்த்துக்கொண்டு போனார். மறுபடி தொடக்கத்துக்கு வந்தார். இமெல்டா அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, காணும், விடுங்க," என்றாள் சுலக்ஷனா.

அன்னமக்கா மற்றக் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். விரல்களுக்கிடையில் இமை துடித்தது. கண்ணில் நீர் கோத்து, வழிந்து, தாடையில் வந்து நின்றது. அதைத் துடைக்கவில்லை. யோசேப் தேடி முடிக்கட்டும் என்று, இமைக்காமல், கண்ணை அப்படியே திறந்து வைத்திருந்தார்.